நடுவில் வைக்கும் பொருள்

வருசம் பிறந்த மறுநாளே
குருநாகல் பஸ்கள் வந்து நின்றுவிட்டன
டச்சு பே கடற்கரையில்.
நகரசபைக்குக் காசு கட்டிய துண்டைக்
கம்பத்தில் ஒட்டினேன்.
பத்து நிமிடம் இல்லை, மான் ஒன்று வந்து அதைத் தின்றது.
கேட்டால் மானைக் காட்டு என்றார் இவர்.

மூன்று வளையம் நூறு ரூபா.
ஐந்து வெடி நூற்றைம்பது.
அபிசனா சிங்களத்தில் கூவுகிறாள்,
என்னைவிட அழகாக, மிச்சக் காசும் பிழையாமல்.
கேதுசன் பலூன் ஊதி ஊதி
கன்னம் வலிக்குது என்று சொல்லவும் வாய் இல்லாமல் இருந்தான்.
வெயில் ஏற ஏற
யாரும் சுடாமலே பலூன்கள் வெடித்தன.
சுடாதவர்களும் பரிசு கேட்டார்கள்.
வெடிச்சத்தத்துக்கு இந்த ஊரில்
இப்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அதுவும் ஒரு புதுவருசம்தான்.

கைவிசேடத்துக்கு நல்லநேரம் பத்தே சொச்சம்.
அந்நேரம் என் கையில் நூலும் பலூனும்.
மூதூர்க்காரி ஒருத்தி, இடுப்பில் குழந்தை,
நூறு ரூபாத் தாளை நீட்டினாள்.
இதுதான் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.
கள்ளத்தாள் என்று பார்க்கிறேனாக்கும் என
அவள் முகம் சுருங்கியது.

இரண்டு வளையம் மண்ணில் விழுந்தன.
மூன்றாவதைக் குழந்தை பறித்து எறிந்தது.

அது போய் விழுந்தது
ரைஸ் குக்கருக்கு முன் நட்ட கட்டையில்.

அந்தக் குக்கர் மூன்று வருசமாக நடுவில் இருக்கிறது.
பெட்டியின் சிவப்பு வெளிறி ரோஸ் ஆகிவிட்டது.
நாங்கள் இன்னும் பானையில்தான் சோறு வடிக்கிறோம்.
இவர் களவு செய்கிற ஆள் இல்லை.
வளையத்துக்கும் கட்டைக்கும் நடுவே
ஒரு நெல்மணி இடைவெளி விட்டிருந்தார்.

கூட்டம் கூவியது. இவர் முகத்தில் இரத்தம் இல்லை.
குக்கர் போனதற்கு இல்லை,
"அது வேலை செய்யுமோ?" என்றார் என் காதுக்குள்.
மூன்று வருச உப்புக்காற்று.
கடலைவண்டி நசுறுதீன் நானாவின் ஜெனரேட்டரில்
வயரைச் செருகினோம்.
நானா பிஸ்மி சொன்னார்.
சிவப்பு லைட் எரிந்தது.
இவர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்,
கொஞ்சம் அழுத்தியே.

பிறகு கேட்கவேண்டாம்.
ஒன்று விழுந்தால் இன்னொன்றும் விழும் என்று
குருநாகலுக்கும் தெரியும் கிண்ணியாவுக்கும் தெரியும்.
வரிசை ஐஸ்கிறீம் வான் வரை போனது.
ஆனால் நடு வெறுமை.
நடு வெறுமையாய் இருந்தால்
ஓரத்துச் சவர்க்காரத்துக்கு யார் எறிவார்?
கடைகள் எல்லாம் வருசத்துக்குப் பூட்டு.
இவர் மோட்டார்சைக்கிளில் வீட்டுக்குப் போய்
எங்கள் மேசை ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார்.
துடைத்துத்தான் வைத்தார்.

அன்று இரவு, அடுத்த இரவு, அதற்கடுத்த இரவு
ஃபேன் பூட்டிய கொட்டிலுக்குள் நிம்மதியாய் இருந்தது.
நாங்கள் நால்வரும் சித்திரை வெக்கையில்
சீமெந்துத் தரையில் புரண்டோம்.
காசை எண்ணிக்கொண்டே இவர் தூங்கிப்போனார்,
எழுபத்திரண்டாயிரத்து முன்னூறில்.
கணக்குக் கொப்பியால் அபிசனா விசிறினாள்.
நுளம்புக்கும் அது பெருநாள்.

ஞாயிறு, கடைசி நாள். பஸ்கள் திரும்புகிற பொழுது.
பாறைக்கு மேலிருந்து கோணேசர் மணி.
கேதுசன் கயிற்றுக்கு வெளியே போய் நின்றான்,
மாமன் கொடுத்த கைவிசேடம் கையில்.
"மூன்று வளையம்" என்றான், யாரோ போல.
வீட்டுப் பிள்ளைக்கு ஏனடா காசு என்றேன்.
"விளையாட இல்லை அம்மா. ஃபேனுக்கு."

எப்படியும் இன்றிரவு அது வீட்டுக்குத்தான் வரும்.
அதை நான் சொல்லவில்லை.
இவரும் சொல்லவில்லை,
பலூன் பலகையைக் கழற்றுகிற சாட்டில்
முதுகைக் காட்டி நின்றார்.

முதலாவது சவர்க்காரத்தில்.
இரண்டாவது மண்ணில், மான் வந்து மோந்து பார்த்தது.
மூன்றாவதைப் பிடித்தபடி
கட்டையைப் பார்க்கிறான், கட்டையைப் பார்க்கிறான்,
எறிகிறான் இல்லை.
இந்த நூறு ரூபாவை வரவில் எழுதுவதா என்று
பேனையும் கையுமாக நான்.