ஒரு மஞ்சள் காய் குறைவு

மாதம் பன்னிரண்டு யூரோ.
அதற்கு மேல் போனால் கையைக் கடிக்கும் என்று
குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினாள் வீப்கே.
டிராம் பணிமனையில் இரவெல்லாம் இருக்கை துடைப்பவளுக்கு
வியாழன் ஒன்றுதான் விடுமுறை.
வியாழன்தோறும் மேசையைச் சுற்றி ஆள் வேண்டும் அவளுக்கு.
எனக்கோ அழைப்புமணி அடித்தாலே
விளக்கை அணைத்துவிடலாமா என்று தோன்றும்.

முதலில் வந்தது ஒரு சீட்டுக்கட்டு. ஒன்றரை யூரோ.
"இதற்குள் நூறு ஆட்டம் இருக்கிறது."
"நமக்கு மூன்று தெரியும்" என்றேன்.
மூன்றிலும் தோற்றேன்.

பெரிய கடைப்பக்கம் போவதில்லை என்று சட்டம் போட்டிருந்தோம்.
போனோம்.
கண்ணாடிக்குப் பின்னால் அறுபத்தைந்து யூரோ:
டிராகன்கள், விரல்நுனி அளவில் கோட்டைகள்,
நாற்பது பக்க விதிப்புத்தகம்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள் வீப்கே,
மறுபக்கம் வேறு விலை இருக்கும் என்பதுபோல.
"யாராவது வாங்குவார்கள்,
ஒன்பதாம் பக்கத்தில் தூங்கிப்போவார்கள்,
அடுத்த வருடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.
பொறுத்திரு."

நூலகத்தில் ஆட்டங்களையும் இரவல் தந்தார்கள், நான்கு வாரத்துக்கு.
அப்படித்தான் தெரியவந்தது:
இருவரும் ஒரே பக்கம் நின்று
பெட்டியை எதிர்த்து ஆடும் ஆட்டத்தில்
எங்களுக்குள் சண்டை மூள்கிறது.
ஒருவரை ஒருவர் ஏமாற்றும் ஆட்டத்தில்
சிரித்து வயிறு வலிக்கிறது.
காசு செலவில்லாமல் தெரிந்துகொண்டோம்.

நவம்பர், ஹாலே, ஆற்றங்கரைச் சந்தை.
விரல் விறைக்கும் குளிர்.
பனிச்சறுக்குக் காலணிக்கும் கழுத்தொடிந்த விளக்குக்கும் நடுவே
நாடா கட்டிய ஒரு பெட்டி. மூன்று யூரோ.
"ஒரு மஞ்சள் காய் குறைவு" என்றார் விற்றவர்,
தன் உடம்பில் ஏதோ குறைவதைச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து எண்ணினோம். உண்மைதான்.
என் மேல்கோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்தாள்.
அது மஞ்சளுமில்லை. பழுப்பு.

பெட்டிக்கடியில் ஒரு மதிப்பெண் ஏடு.
டி என்று ஒரு பத்தி, ஓ என்று ஒரு பத்தி,
அவரவர் எண்ணை அவரவர் எழுத்தில்.
பென்சில், பேனா, ஒரு கோடை முழுக்கப் பச்சை மை.
பதினோரு வருட ஞாயிறுகள்.
ஓ தோற்றுக்கொண்டே இருக்கிறது.
ஓரிடத்தில் டி-யின் முப்பத்தொன்றை அடித்துவிட்டு
ஓ-வின் குண்டெழுத்தில்: கள்ளாட்டம்!
கடைசித் தாளில்
இரண்டு பத்தியும் ஒரே கையெழுத்து.
அதிலும் டி-தான் ஜெயித்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஏட்டை எடுத்துக்கொண்டு போனோம்.
"மூன்று யூரோவில் அதுவும் அடக்கம்" என்றார்,
கையை ஜேபியிலிருந்து எடுக்காமல்.
"வியாழன் வருகிறீர்களா?" என்றாள் வீப்கே.
"எத்தனை பேர்?"
"நீங்கள் வந்தால் மூன்று."

மூன்றாவது நாற்காலி ஏழு யூரோ.
அந்த மாதம் வேறெதுவும் வாங்கவில்லை.

ஓட்ஃப்ரீட் வந்தார், தனக்கென்று ஒரு திண்டோடு.
பொத்தானைப் பார்த்து, "இது செல்லாது" என்றார்.
பிறகு மஞ்சளையே எடுத்துக்கொண்டார்.
விதிகளை வாயாலேயே சொன்னார்,
நாங்களும் நம்பினோம்.
நான்கு ஆட்டம், நான்கிலும் அவர்.

வெள்ளி முழுக்க விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.
ஆறு விழுந்தால் பக்கத்தவர் காயைக் கடன் வாங்கலாம் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
மறு வியாழன், அவர் கோட்டைக் கழற்றும் முன்பே
அவர் எண்களை அடித்து, பக்கத்தில் எழுதி நீட்டினேன்:
கள்ளாட்டம்!

நெடுநேரம் பார்த்தார்.
"அது ட்ரவுடலின் விதி" என்றார்.
"நானும் இப்படித்தான் எழுதினேன்.
பிறகு அப்படியே ஆடப் பழகிவிட்டேன்."

வீப்கே ஒன்றும் பேசாமல்
புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் அதைச் சேர்த்தாள்.
அன்றைக்கு ஆறு விழுந்தது எனக்கு.
பழுப்புப் பொத்தானைக் கடன் கேட்டேன்.
தரமாட்டேன் என்றார்.