மாதிரிக் கண்ணாடி

சதுர அடி நூற்றி எண்பது.
ஏணி போட்டால் இருநூறு.
பேரம் பேசுகிறவர்களுக்கும் நூற்றி எண்பதுதான்,
இருநூற்றி இருபதில் ஆரம்பிப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம்:
இது வெயில் பேப்பர் இல்லை,
காருக்கு ஒட்டும் கறுப்பும் இல்லை.
தெருவில் போகிறவனுக்கு உங்கள் கூடம் தெரியும்,
உங்களுக்கும் கடல் அப்படியே தெரியும்.
பின்னே எதுக்கு, என்பார்கள்.

அப்போதுதான் பையிலிருந்து மாதிரியை எடுப்பேன்.
ஓரடிக்கு ஓரடிக் கண்ணாடி,
முதுகில் எட்டு மில் படலம்,
கூடவே ஒரு சுத்தியல்.
அடிங்க.

தொண்டி நகைக்கடை முதலாளி
தான் அடிக்காமல் வாட்ச்மேனை அடிக்கச் சொன்னார்.
ஏர்வாடி மருந்துக்கடைக்காரர்
ஒரு தட்டுத் தட்டிவிட்டு
கண்ணாடியை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.
மண்டபத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர்
புயலுக்குத் தாங்குமா என்றார்.
காத்து உடைக்கத்தான் செய்யும் சார்,
உடைஞ்சதை இது பிடிச்சு வைக்கும் என்றேன்.
எழுதித் தருவியா என்றார்.

கீழக்கரை வடக்குத் தெரு வேலை
ஷார்ஜாவிலிருந்து வந்தது.
ஏழு ஜன்னல், ஒரு பால்கனிக் கதவு.
அளவெல்லாம் ஹமீது நைனாவே அனுப்பியிருந்தார்,
போன விடுமுறையில் எடுத்ததாம்.
சுலைகா லாத்தா
போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார்.
அதற்குள் இருந்தபடி அவர் எங்களை வேலை வாங்கினார்:
மேல் மூலை, தம்பி, மேல் மூலை.
அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால்.
உதடும் குரலும் கூட
ஒன்றுக்கொன்று பின்னால்.

திருடன் அடிச்சா எத்தனை அடி தாங்கும்?
பத்துப் பன்னிரண்டு, என்றேன்,
அதுக்குள்ள தெரு முழிச்சுக்கும்.
காட்டுங்க, என்றார் லாத்தா.

துண்டை மடித்துத் தரையில் போட்டு
அதன்மேல் மாதிரியை வைத்தேன்.
சுத்தியலைப் பொதுவாக நீட்டினேன்.
அவர் வாங்கிக்கொண்டார்.

முதல் அடி, தேங்காய்க்கு வாய் பார்ப்பது போல.
நண்டுக்கால் மாதிரி நாலு கோடு.
இரண்டாவதுக்கு ஜெரோன் சிரித்தான்.
நாலாவதுக்குச் சிரிப்பை நிறுத்தினான்.
அஞ்சாவதுக்குப் போனில் உதடு அசைந்தது,
ஆறு விழுந்த பிறகுதான் 'போதும்' வந்து சேர்ந்தது.
வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு
ஏழு,
எட்டு.
அப்புறம் நான் எண்ணியதை
ஜெரோன் ஒத்துக்கொள்ளவில்லை.
அவன் கணக்கில் பதினாலு. எனக்குப் பன்னிரண்டு.

கண்ணாடி உப்பளம் போல வெளுத்துக் கிடந்தது.
ஒரு சில்லுகூடத் துண்டில் இல்லை.
தூக்கி, படலம் இருக்கும் பக்கத்தை
உள்ளங்கையால் தடவினார்.
உடைஞ்சுதானே போச்சு, என்றார்.
உடைஞ்சது லாத்தா. விழல.
அதான் தெரியுதே.
சுத்தியலைக்
கத்தரிக்கோல் கொடுப்பது போல
பிடி எங்கள் பக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு
டீ போடப் போனார்.

சோப்புத் தண்ணீர் அடித்து, தாளை உரித்து,
நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி
ஆறு ஜன்னல் முடிந்தபோது மூன்று மணி.
கச்சான் எழுந்துவிட்டது.
அடுப்படி ஜன்னலில்
எங்கிருந்தோ ஒரு மணல் உள்ளே புகுந்து
அதைச் சுற்றிக் கடுகளவு கூடாரம்.
உரித்துத்தான் ஒட்டணும், இல்லாவிட்டால் போகாது.
அவுகளுக்குத் தெரியுமா, என்றார் மெதுவாக.
போனிலயா? தெரியாது.
கிடக்கட்டும்.

ஒரு மாசம் துடைக்காதீங்க,
உள்ளே தண்ணீர் முத்துமுத்தா நிற்கும், தானா வற்றிடும்,
மணல் மட்டும் நிற்கும் என்றேன்.
பணம் ஷார்ஜாவிலிருந்து
இரண்டு தவணையாக வந்தது, இருபது ரூபாய் குறைவாக.

உடைந்த மாதிரியைத் தூக்கிப் போடச் சொன்னான் ஜெரோன்.
போடவில்லை.
பெரியபட்டினத்தில் ஒருவர் கேட்டார்:
யாருப்பா இப்படி அடிச்சது?
கம்பெனியில சோதனை பண்ணினது, என்றேன்,
பன்னிரண்டு அடி.
பதினாலு, என்றான் ஜெரோன்.
அந்த வாரம் மூன்று ஆர்டர்.
சுத்தியலை யாரும் கேட்கவில்லை.