நான்கு பட்டை

அறுபத்தெட்டு மார்ச்; கரோல்பாக் சந்து.
நான்கு நிறத் துணியோடு கல்லூரிப் பையன் வந்தான்.
பன்னிரண்டாம் தேதி மொரீஷியசுக்கு விடுதலையாம்,
விடுதி மாடியில் ஏற்ற ஒரு கொடி.
எல்லாம் இந்தியில்தான் சொன்னான்.

பெயர் ஆர்மூகம்.
ஆறுமுகத்தில், துறைமுகக் குமாஸ்தா தின்றது போக மிச்சம்.

மிஷின் ஓட ஓட அவன் பேச்சும்:
டச்சுக்காரன் பறக்கத் தெரியாத பறவையைத் தின்றே தீர்த்தானாம்.
பிரெஞ்சுக்காரன் கரும்புக்கு ஆள் வாங்கினான்.
இங்கிலீஷ்காரன் விலையை ஒழித்தான்,
ஐந்து வருஷக் காகிதம் நீட்டினான்;
அதில்தான் இவன் பூட்டனின் கட்டைவிரல்.

மேலே சிவப்பு, அடியில் பச்சை.
நடுவில் எது முந்தி, நீலமா மஞ்சளா,
அவனுக்கே குழப்பம்.
ஒருமுறை பிரித்துத் தைத்தேன்.

மடித்துக் கொடுத்தபோது,
இத்தனை நேரத்தில் முதல் தமிழ்:
"கூலி?"

ஊசியை எங்கே குத்தினேன் என்று தேடினேன்.
நூலுக்கு மட்டும் எட்டணா, என்றேன்.