நேர்ந்துவிட்டவை

கோரையாறு கடலைக் கண்டு தயங்கும் இடத்தில்
நூறு மீட்டர் நைலான் கயிறு,
பத்துக்கு ஒரு முடிச்சு.
நீர்விளிம்பில் ஒரு முனையோடு பக்கிரிசாமி,
உமரி சிவந்த மேட்டில் மறுமுனையோடு நான்.
நடுவில் முழங்கால் வரை சேறு.
அதற்குள் எத்தனை உயிர் என்பது
எங்கள் இருவருக்குமே தெரியாது.

முதல் முடிச்சில் உப்பு ஆயிரத்துக்கு இருபத்தெட்டு.
அலையாத்தி இரண்டாள் உயரம்,
காலைக் குத்தும் மூச்சுவேர்கள்.
ஐந்தாவதில் முப்பத்தாறு.
மரங்கள் என் இடுப்புக்கு வந்துவிட்டன.
எட்டாவதில் நாற்பத்தேழு.
உமரி மட்டும், அதுவும் திட்டுத் திட்டாய்.
எந்த விதையும் இடம் கேட்டு விழவில்லை.
தாங்கியது நிற்கிறது.
தாங்காததற்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம்,
மின்கம்பி ஓட்டும் குழாயில் நானே ஒட்டியது.
அதை எங்கே வைப்பதென்று கண்ணைக் கேட்கக் கூடாது,
கண் நண்டு நிறைந்த இடத்துக்கே ஓடும்.
எண்கள் அச்சடித்த தாளைக் கேட்டேன்.
இடப்பக்கம் ஏழு மீட்டர் என்றது.
அங்கே ஓர் ஒற்றைச் செருப்பு.
அதன் மேலேயே வைத்தேன்.
நண்டு வளை நான்கு, ஊரி ஒன்பது,
செருப்புக்குள் இருந்த உளுவை
எண்ணுவதற்குள் துள்ளிப் போய்விட்டது.
போனதை எழுதவா?
பக்கிரிசாமி, "பாத்தீங்கல்ல, எழுதுங்க" என்றார்.

பங்குனியில்
நாற்பது ஊரிகளுக்கு நகப்பூச்சு வைத்தேன்,
தங்கையின் நிச்சயதார்த்தத்தில் மீந்த சிவப்பு.
துடைத்து, ஊதிக் காயவைத்து,
எடுத்த இடத்திலேயே விட்டேன்.
பத்து நாள் கழித்துப் பிடித்தவை ஐம்பத்தாறு,
அவற்றில் சிவப்பு ஏழு.
நாற்பதை ஐம்பத்தாறால் பெருக்கி
ஏழால் வகுத்தால்
முந்நூற்று இருபது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு சத்தியம் கேட்கிறது:
இடையில் யாரும் பிறக்கவில்லை,
யாரும் சாகவில்லை,
யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை.
வாய்விட்டுப் படித்தேன்.
கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.
"இது எந்த ஊர்ல?"
அவர் தெருவில் பன்னிரண்டு வீடு,
கஜா புயலுக்குப் பிறகு ஏழில் பூட்டு.
திருப்பூர், திருப்பூர், ஓசூர், கத்தார்...
மீதியைச் சொல்லாமல்
மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

வற்றம் இறங்கியபோது லூர்துக்கனி வந்தாள்,
பறியைப் பல்லில் கடித்தபடி,
இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டு.
பறியைக் கையில் வாங்கிக்கொண்டு பேசினாள்.
"அந்தச் செவப்பு வச்சது ஒங்களோடதா?
நான் தொடல.
யாரோ எதுக்கோ நேந்து விட்டதுன்னு நெனச்சேன்."
மற்றவை?
"அதான் வாத்துக்காரன் படி போட்டு வாங்குறானே."

என் முந்நூற்று இருபது
முழங்கால் வரை சேற்றில் இறங்கியது.
குறிப்பு என்ற பத்தியில் எழுதினேன்:
குறியிட்டவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு.
காரணம், வேண்டுதல்.
எழுதியதை அடிக்கவில்லை,
வழிகாட்டி அடிப்பார்.

ஆவணியில் கடைமடைக்குத் தண்ணீர்
வயல்களெல்லாம் குடித்த மிச்சமாக வந்தது.
முதல் முடிச்சில் உப்பு பத்தொன்பது.
போன முறை காய்ந்து கிடந்த ஆறாவது முடிச்சில்
விரல் நீளத்துக்கு இரண்டு இலைக் கன்றுகள்.
எட்டாவதில் ஒன்றும் மாறவில்லை.

திரும்பும் வழியில்
முத்துப்பேட்டை வளையல் கடையில்
நிறமில்லாத நகப்பூச்சு கேட்டேன்.
வெளிச்சத்தில் சாய்த்தால் எனக்குத் தெரியும்,
வேறு யாருக்கும் தெரியாது.
கணக்கு இனி சரியாக வரும்.
அந்த நாற்பதும்
மற்றவற்றோடு சேர்ந்து படியில் ஏறும்.

"போட்டாலும் போட்டது தெரியாதேம்மா,"
சீசாவைக் கையில் வைத்துக்கொண்டே
கடைக்காரர் கேட்டார்,
"அப்புறம் எதுக்கு?"

சிவப்பு என்ன விலை என்றேன்.
அதைத்தான் முதலில் எடுத்து வைத்திருந்தார்.