இரண்டாம் தேர்வு

சுரங்கம் மூடிய அன்று
விளக்கறைச் சாவியை ஒப்படைத்துவிட்டு
பொஷெனா வீட்டுக்குப் போகவில்லை.
ட்ராம் பணிமனையில் விண்ணப்பம் கேட்டாள்.

வயது நாற்பத்தாறு.
கண் சோதனைக்கு ஒரு தொகை,
மனநலச் சான்றுக்கு இன்னொன்று.
பயிற்சிக் கட்டணத்தை மூன்று தவணையாக்கும்வரை
கவுன்டரைவிட்டு நகரவில்லை.

இரவெல்லாம் முட்டைக்கோஸ் வைத்து
பியரோகி பிடித்தாள்,
உறையவைத்து நூறு நூறாய்
மேல்மாடிக்காரர்களுக்கு விற்றாள்.
கணக்கு நோட்டெங்கும் மாவுக் கைரேகை.

முதல் தேர்வில் தோல்வி:
பனி மூடிய வளைவில்
மணியடிக்க மறந்தாளாம்.
மறுபடி எழுதவும் பணம்.
கட்டினாள்.

இப்போது பிட்டோமில்
விடிகாலை நாலரை வண்டி அவளுடையது.
பழைய சுரங்க வாசலில்
நிறுத்தம் மட்டும் இருக்கிறது,
ஏற ஆளில்லை.
ஆனாலும் நிற்கிறாள்,
கதவைத் திறக்கிறாள்,
பன்னிரண்டு நொடி.
அட்டவணை அப்படி.