ஏழாம் அறை

குஷிரோவில் பனி விழாது, வீசும்.
துறைமுகச் சாலையில் நடந்து வந்த எங்கள் ஆறு பேருக்கும்
இடது தோள் மட்டும் வெள்ளை.
மீன் பதனிடும் கம்பெனி, கணக்குப் பிரிவு,
ஆண்டிறுதிக் கூட்டம், இரண்டு மணி நேரம்,
ஜன்னல் இல்லாத அறை.
பாட்டுப் பலகை என் மடியில்.
போன வருடம் நான் வரவில்லை.
வராதவன் தலையில்தானே வந்து விடியும்.

ஆறு வாயும் ஒன்றாகத் திறக்கிற மாதிரி
ஒரே ஒரு பாட்டு. அவ்வளவுதான் கேட்டார்கள்.
லட்சத்துச் சொச்சம் உள்ளே இருக்கிறது என்கிறது பலகை,
கடலில் மீன் இருக்கிறது என்பதைப் போல.
மேசையில் மராக்காஸ் இரண்டு, டாம்பரின் ஒன்று.
ஆறு பேருக்கு மூன்று; சண்டை வரவில்லை.
அதுதான் கவலையாக இருந்தது.

நுகாதாவுக்கு ஐம்பத்தொன்பது.
கல்யாணமான வருடத்தோடு
பாட்டுக் கேட்பதை நிறுத்திக்கொண்டவர்.
குசுமிக்கு இருபத்திரண்டு.
அவள் பாட்டுகள் கைப்பிடி இல்லாத மாடிப்படி;
எழுத்து நிறம் மாறி முடிந்த பிறகும்
நாங்கள் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம்.
அகாஹோரிக்குத் தொண்டையில் ஆபரேஷன்,
மேல்ஸ்தாயி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது.
மேலாளர் தொகாஷி பாடமாட்டார், கை தட்டுவார்.
ஒரு தாளம் பிந்தி.
எந்தப் பாட்டாக இருந்தாலும் ஒரு தாளம் பிந்தி.

பிறகு ஹிபினோ.
செப்டம்பரில் அவள் பெயர்ப்பட்டையை மாற்றினோம்,
பிறந்த வீட்டுப் பெயருக்கு.
எனவே பிரிவுப் பாட்டு வேண்டாம்.
மழை வேண்டாம், குடை வேண்டாம்,
கடைசி ரயில் வேண்டாம்,
படகுத்துறை வேண்டவே வேண்டாம்.
நீக்கி நீக்கிப் பார்த்தால்
நாட்டில் மிஞ்சுவது
பல் துலக்கச் சொல்லும் பாட்டு ஒன்றும்
குழந்தைகள் கார்ட்டூன் ஒன்றும்.

கார்ட்டூனைப் போட்டேன்.
முதல் வரி எல்லோருக்கும் தெரிந்தது.
இரண்டாம் வரியில் எல்லோரும் டீ குடித்தோம்.
நடுவில் கிட்டார் மட்டும், நாற்பது வினாடி.
அது எவ்வளவு நீளம் என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.
வறுத்த உருளைக்கிழங்கை எண்ணினேன். பதினொன்று.

இந்த அறையில் முன்னால் பாடியவை
என்றொரு பொத்தான்.
அயலார் ருசியாவது கைகொடுக்கும் என்று திறந்தேன்.
இன்று மதியம், இரண்டு பத்திலிருந்து,
ஒரே பாட்டு,
மூன்று கட்டை சுருதி இறக்கி,
நான்கு தடவை.
கணவாய்ப் படகுக்குக் கையசைக்கிற ஒருத்தியின் பாட்டு.
ஐயோ என்று மூடப்போன விரல்
மூடாமல் அழுத்திவிட்டது.

திரையில் படகுத்துறை. மழை. ஒரு குடை.
நான் நீக்கியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது.
நிறுத்தும் பொத்தானைத் தேடுகிறேன்,
அதற்குள் ஹிபினோ மைக்கை எடுத்துவிட்டாள்.

நல்ல குரல் என்று சொல்லமாட்டேன்.
ஆனால் எங்கே மூச்சு விட வேண்டும் என்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
திரையைப் பார்க்கவே இல்லை.
போ என்கிற இடத்தில் போ என்றாள்,
காலி மீன்பெட்டியைக் காலால் தள்ளுகிற மாதிரி.
பல்லவி முடியும்போது படகுக்காரர்கள் கூவ வேண்டும்.
ஹோய்ஸா. ஒரே சொல்.
நுகாதாவுக்கு அது தெரியும். குசுமிக்குத் தெரியாது,
இரண்டாம் தடவை தெரிந்தது.
அகாஹோரிக்கு அதற்கு மேல்ஸ்தாயி தேவைப்படவில்லை.
மூன்றாம் தடவை
சுவருக்கு அப்பால், ஆறாம் அறையிலிருந்தும்
யாரோ ஒரு ஹோய்ஸா.

பல் டாக்டர் என்று அரை நாள் லீவு
எடுத்திருந்தாள் இன்று.
விடுப்புத் தாளில் முத்திரை குத்தியவன் நான்.
ஒன்றும் கேட்கவில்லை.

மெஷின் ஐம்பத்தெட்டு மதிப்பெண் போட்டது.
ஃபோன் அடித்தது: இன்னும் பத்து நிமிடம், நீட்டிக்கிறீர்களா?
பாட்டு முடிந்தது தெரியாமல்
தொகாஷி தட்டிக்கொண்டிருந்தார்.
ஹிபினோ கடைசி உருளைக்கிழங்கைத் தின்றாள்.
"செப்டம்பரிலிருந்து, ஐந்தரை மணிக்கு,
கிளம்புகிறேன் என்றுகூட என்னிடம் சொல்லாமல்
நழுவுகிறீர்கள், எல்லோரும்" என்றாள்.
உப்பு விரலைத் துடைத்துக்கொண்டு
என் மடியிலிருந்து பலகையை எடுத்தாள்.
அதே பாட்டு.
சுருதியை இன்னொரு கட்டை இறக்கினாள்,
அகாஹோரிக்காக.