இனிஷியலின் விரிவாக்கம்

முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடையில்
பையன் நிமிராமல் கேட்டான்:
"எச்-ன்னா என்னக்கா? முழுசாச் சொல்லுங்க.
பாஸ்போர்ட்டுக்கு ஒத்தை எழுத்து பத்தாது."

ஹேவர்ட், என்றேன்.
"பீரு பேரால்லா இருக்கு" என்றான்.

ரேஷன் கார்டில் அப்பா ஏவருடு.
வாக்காளர் பட்டியலில் ஆயவார்டு.
கல்லறையில் கல் வெட்டியவருக்கு ஹே வராமல்
கேவர்ட் என்று கிடக்கிறார்,
உயிர்த்தெழும் நாளில் கூப்பிடுகிறவர்
என்னவென்று கூப்பிடுவாரோ.

சர்ச் பதிவேட்டில் பழுத்த மசி:
மாடன் மகன் சுடலை, வயது ஒன்பது,
தகப்பன் தொழில் பனையேற்று.
இனி ஹேவர்ட்.
ஓரத்தில், வேறு கையெழுத்தில்,
வருடம் மூன்று பவுன்.

தங்கப் பவுன் இல்லை, சீமைப் பவுன்.
பஞ்சத்துக்கு மறு வருடம்
மிஸ் ஹேவர்ட் என்று ஒருத்தி
போர்டிங்கில் ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றச் சம்மதித்திருக்கிறாள்.
கஞ்சிக்கு அவள் பணம், பிள்ளைக்கு அவள் பெயர்.
அவள் அவனைப் பார்த்ததில்லை.
அங்கே யாரையோ கட்டிக்கொண்டு
அவள் அந்தப் பெயரை விட்டிருக்கலாம்.
இங்கே அது எங்களை விடவில்லை.

குடும்பப் பெயராய்க் கப்பலேறியது
இங்கே இறங்கியதும் ஆள் பெயராயிற்று.
ஹேவர்ட் மகன் ஞானாபரணம்,
ஞானாபரணம் மகன் மறுபடி ஹேவர்ட்,
அவர் மகள் நான், எச். தங்கபுஷ்பம்:
ஒரு எழுத்து, ஒரு புள்ளி.

அண்ணன் மகள் கல்யாணத்துக்குப்
பத்திரிகை மேல் விலாசம் எழுதும்போது எண்ணினோம்.
சமாதானபுரத்தில் ஆறு வீடு.
தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் இரண்டு.
நாசரேத்தில் பேச்சுவார்த்தை இல்லாத ஒன்று (அதற்கும் வைத்தோம்).
தாராவி. மஸ்கட்.
களக்காட்டிலும் ஒரு ஹேவர்ட் குடும்பம் உண்டு,
எங்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.
அதே சீமாட்டி, அடுத்த வருடத்து மூன்று பவுன்.
அங்கே பெண் எடுக்கலாமா கூடாதா என்று
ஐயர் ஒரு லெந்து காலம் முழுக்கக் குழம்பினார்.

என் மகன் பர்மிங்காமில் பார்சல் போடுகிறான்.
போன மாதம் ஒரு வீட்டில்
மழைக்குள் கையெழுத்து வாங்க நின்றானாம்.
வெறுங்காலோடு கதவைத் திறந்தவர்
இவன் சட்டை அட்டையைப் பார்த்துக் கேட்டாராம்:
என் பெயர் உனக்கு எப்படி?
"நீங்க கொடுத்ததுதான்" என்றிருக்கிறான்.
அர்த்தம் கேட்டால் அவருக்குத் தெரியவில்லை.
போனில் தேடி இவன்தான் அவருக்குச் சொன்னானாம்:
முதல் பாதி வேலி, மறு பாதி காவல்.
ஊர்மாடு வேலி தாண்டி
வெள்ளாமையில் இறங்காமல் பார்க்கிற ஆள்.

ஆபீசில் இதைச் சொன்னபோது
பக்கத்து சீட் சங்கரவடிவு டிபன் மூடியைக் கீழே வைத்தாள்.
"நெல்லுக்கு வேலி போட்டவரு டவுன்லல்லா இருக்காரு.
அப்ப நெல்லையப்பரும் உங்க சொக்காரருதான்."
தயிர்சாதம் புரையேறச் சிரித்தோம்.

ராத்திரி சிரிப்பு வரவில்லை.
சுடலைக்கு நெல் ஏது?
தேரிமணலில் பிறந்தவன்.
பயினி, கருப்பட்டி, அவித்த கிழங்கு.
ஆற்றோரத்து வயல்கள் பச்சையாய் இருந்திருக்கும்.
சிந்திய கதிர் பொறுக்க வரும் பிள்ளைகளை
விரட்டக் கம்போடு ஒருவன் நின்றிருப்பான்.
அந்த ஆளின் வேலையைத்தான்
தெரியாத்தனமாக இவனுக்குப்
பெயராக வைத்தார்கள்.

"ஸ்பெல்லிங் சொல்லுங்கக்கா."
சொன்னேன்.
கட்டத்துக்கு ஒன்றாய் ஏழு எழுத்தை அடைத்தான்.
மிச்சக் கட்டங்கள் தரிசாய்க் கிடந்தன.
சுடலை என்று மனசுக்குள் இங்கிலீஷில் எழுதி
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அதுவும் ஏழுதான்.

"அடிச்சிரட்டா?" என்றான் பையன்,
விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு.